அலுவலகத்து இரைச்சலும் காலடிக் கம்பளமும்

ஓர் அலுவலகத்துக்குள் நுழையும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? எந்த மேசைக்குப் போக வேண்டும், உரிய உத்தியோகத்தர் இருக்கிறாரா, நமக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறோம். நிலத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நாம் அங்கே சொல்லப்போகும் விடயத்தை எத்தனை காதுகள் கேட்கப் போகின்றன என்பதில் அந்த நிலத்துக்கும் கூரைக்கும் சுவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னர் எமது பிரதேசங்களில் புதிய கட்டடங்கள் பல எழுந்தன. என் பணியின் நிமித்தம் நான் போய்வரும் அலுவலகங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. ஒரு பெரிய மண்டபம், பளபளக்கும் ரைல்ஸ் நிலம், கண்ணாடி யன்னல்கள், இடுப்பளவு மறைப்புடன் வரிசையாக மேசைகள். பார்வைக்கு அழகாகவும் வெளிச்சமாகவும் இருக்கும். ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் அங்கே சந்தை இரைச்சல்தான்.

இத்தகைய மண்டபத்துக்குத்தான் எமது பெண்கள் தங்கள் வாழ்க்கையைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட கணவனின் விபரம் சொல்ல வருபவர், பிள்ளைத் தாபரிப்பு வழக்குக்குக் கடிதம் கேட்டு வருபவர், வீட்டில் அடி தாங்க முடியாமல் வருபவர், கடன் தவணை கட்ட முடியாமல் அவகாசம் கேட்டு வருபவர் என்று பலர். இவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் தொடங்குவார்கள். எதிரே இருப்பவருக்கோ இரைச்சலில் கேட்காது. "சத்தமாய்ச் சொல்லுங்கோ அம்மா, கேக்கேல்லை" என்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு பின்வரிசையில் இருக்கும் ஊரவர்கள் தலையை நிமிர்த்துவார்கள். "ஒண்டுமில்லை, நான் பிறகு வாறன்" என்று எழும்பிப் போகும் பெண்களை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பிறகு வராமலே விட்டவர்களும் உண்டு.

ஆகவே அலுவலக இரைச்சல் என்பது நகரத்துக் கம்பனிகளின் சொகுசுப் பிரச்சினை அல்ல. ஒரு பெண் தனக்குரிய உதவியைக் கேட்டுப் பெறுகிறாளா இல்லையா என்பதோடு அது சம்பந்தப்பட்டிருக்கிறது. எம் பெண்களில் இன்று பலர் இத்தகைய மண்டபங்களில் வேலையும் செய்கிறார்கள். கணினியில் தரவு பதிபவர்களாக, வங்கி எழுதுவினைஞர்களாக, நுண்கடன் உத்தியோகத்தர்களாக நாள் முழுவதும் அந்த இரைச்சலுக்குள் இருப்பவர்கள் அவர்கள். இரு சாராருக்கும் உதவக்கூடிய ஒரு விடயத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது காலடியில் விரிக்கும் கம்பளம். அது என்ன செய்யும், என்ன செய்யாது, சூழலுக்கும் பைக்கும் கேடில்லாமல் அதை எப்படித் தெரிவு செய்யலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

சுவர்கள் எங்கே போயின?

சுவரில்லாத அலுவலகம் நேற்று வந்ததல்ல. 1950களின் இறுதியில் ஜேர்மனியில், ஹம்பேர்க் நகருக்கு அருகிலுள்ள குவிக்போர்ன் என்ற ஊரில் ஷ்னெலே என்ற சகோதரர்கள் இருவர் ஓர் ஆலோசனைக் குழுவை நடத்தினர். ஓர் அலுவலகத்தில் கடதாசியும் பேச்சும் எவரிடமிருந்து எவரிடம் போகின்றன என்று பார்த்து, அதற்கேற்ப மேசைகளை அடுக்க வேண்டும், அதற்குச் சுவர்கள் தடையாக இருக்கக் கூடாது என்பது அவர்களின் கொள்கை. மேலதிகாரி கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்காமல் எல்லோருடனும் ஒரே மண்டபத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். கேட்பதற்கு நல்ல எண்ணம்தான்.

சுவரை எடுத்தால் சத்தம் பரவும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எனவே அந்த அலுவலகங்களில் நிலம் முழுவதும் கம்பளம் விரித்தார்கள். சத்தத்தை உறிஞ்சும் உட்கூரை அமைத்தார்கள். இடையிடையே நகர்த்தக்கூடிய மறைப்புகளையும் செடிச் சாடிகளையும் வைத்தார்கள். அதாவது கம்பளம் அங்கே அலங்காரம் அல்ல. எடுத்துவிட்ட சுவருக்குப் பதிலாக வந்தவற்றுள் அதுவும் ஒன்று.

பின்னர் இந்த அமைப்பு உலகெங்கும் பரவியபோது, செலவு குறைந்த பகுதி மட்டும் பல இடங்களுக்கு வந்து சேர்ந்தது. சுவர் கட்டாவிட்டால் பணம் மிச்சம், கூடுதலான மேசைகளும் போடலாம். கம்பளமும் உட்கூரையும் மறைப்பும் மேலதிகச் செலவு என்று விடப்பட்டன. இன்று எமது மண்டபங்களில் நாம் அனுபவிப்பது இந்தப் பாதித் திட்டத்தைத்தான்.

பழகிப்போச்சுது என்று சொல்லலாமா?

"இரைச்சல்தான், ஆனால் பழகிப்போச்சுது" என்று வேலை செய்யும் பெண்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி எவன்ஸ், டேனா ஜோன்சன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. எழுதுவினைஞர் வேலை செய்யும் 40 பெண்களை அவர்கள் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் அமைதியான அறையில் இருந்தனர். மற்றப் பிரிவினர் திறந்த அலுவலகத்தில் சாதாரணமாகக் கேட்கும் மெல்லிய இரைச்சலில் 3 மணித்தியாலம் இருந்தனர்.

இரைச்சலில் இருந்த பெண்களின் உடலில் அட்ரினலின் சுரப்பு கூடியிருந்தது. தீர்க்க முடியாத புதிர்களைக் கொடுத்தபோது அவர்கள் மற்றவர்களைவிட விரைவாக முயற்சியைக் கைவிட்டனர். கதிரையில் அமர்ந்திருக்கும் நிலையை மாற்றி உடலைத் தளர்த்திக் கொள்வதும் குறைவாக இருந்தது. ஆனால் "உங்களுக்கு அதிக அழுத்தமாக இருந்ததா" என்று கேட்டபோது, அமைதியான அறையில் இருந்தவர்களைவிட அதிகமாக அவர்கள் எதையும் சொல்லவில்லை. மனம் பழகிவிட்டதாகச் சொல்கிறது, உடல் பழகவில்லை.

எமது பெண்களைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்தவர்களில் பலருக்கு, திடீரென எழும் கூர்மையான சத்தம் இன்றும் நெஞ்சைப் பதறச் செய்கிறது. ரைல்ஸ் நிலத்தில் இரும்புக் கதிரையை இழுக்கும் சத்தம், இரும்பு அலுமாரியின் கதவு அடிபடும் சத்தம், கையிலிருந்து கோப்பு விழும் சத்தம் என்பன மற்றவர்களுக்குச் சாதாரணமானவை. பதற்றத்தோடு வாழ்பவருக்கு அப்படியல்ல. கம்பளம் மிக நன்றாக அடக்கக்கூடிய சத்தங்களில் காலடியும் கதிரை இழுபடுவதும் பொருள் விழுவதும் முதலிடம் பெறுகின்றன. ஏனென்றால் சத்தம் பிறக்கும் இடத்திலேயே அது மெத்தையாக நிற்கிறது.

மெத்தைகள் சொன்ன பாடம்

மென்மையான பொருள் சத்தத்தை உறிஞ்சும் என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் வலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியர். 1895இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுபவரின் சொல் எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க முன்னரே அடுத்த சொல் வந்து அதனோடு மோதியது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் இரவு நேரங்களில், வெளிச் சத்தம் அடங்கிய பின்னர், ஓர் இசைக்குழாயை ஊதச் செய்து, அந்த ஒலி அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார். வெறும் மண்டபத்தில் 5 விநாடிகளுக்கு மேல் எடுத்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை மாணவர்களின் உதவியோடு சுமந்து வந்து அடுக்க அடுக்க, அந்த நேரம் குறைந்துகொண்டே வந்து ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. விடிவதற்கு முன்னர் மெத்தைகளை மறுபடி கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இன்றும் மண்டபங்களின் ஒலியமைப்பைக் கணக்கிடுபவர்கள் அவர் கண்ட சூத்திரத்தையே அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

இது நடப்பது எப்படி? ஒலி என்பது காற்றின் அதிர்வு. வழுவழுப்பான சீமெந்து நிலத்தில் பட்டால் அது பந்து போலத் திரும்பி எழும். கம்பளத்தில் பட்டால் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய காற்று வெளிகளில் புகுந்து, உரசி, சிறிதளவு வெப்பமாக மாறி அடங்கிவிடும். சீமெந்து நிலம் தன்மீது படும் ஒலியில் 100இல் 2 பங்கைத்தான் விழுங்கும். சீமெந்தின் மேல் நேரடியாக விரித்த தடித்த கம்பளம் உயர்ந்த ஒலியில் 100இல் 60 பங்கு வரை விழுங்கும். ஆனால் மின்பிறப்பாக்கியின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலியில் அதே கம்பளமும் 100இல் 2 பங்குதான். இடைப்பட்ட ஒலியில் ஏறத்தாழ 14 பங்கு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே கம்பளத்தின் அடியில் ஒரு மென்மையான அடிவிரிப்பைப் போட்டால், இடைப்பட்ட ஒலியில் 14 ஆக இருந்தது 50க்கு மேல் போகும். எனவே விலை கூடிய கம்பளத்தைவிட, சாதாரண கம்பளமும் நல்ல அடிவிரிப்பும் சேர்ந்தவை மேல். அடிவிரிப்பைக் கழிவுத் துணியிலிருந்தும் செய்யலாம். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடப்பதற்குப் புதுப் பொருள் தேவையில்லை.

கம்பளத்தால் முடியாதது

நல்ல கம்பளம் போட்டுவிட்டால் ஒரு பெண் தன் துயரத்தை அங்கே அச்சமின்றிச் சொல்லலாமா? இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வாயிலிருந்து காதுக்கு நேராகப் போகும் சொல்லைக் கம்பளம் தடுப்பதில்லை. எதிரொலியாகத் திரும்பி வருவதை மட்டுமே அது குறைக்கிறது. அத்துடன் ஓர் எதிர்பாராத விளைவும் உண்டு. மண்டபத்தின் பொது இரைச்சல் குறைந்ததும், தூரத்து மேசையில் ஒருவர் கதைப்பது முன்னரைவிடத் தெளிவாகக் கேட்கலாம். சந்தைக்குள் சொல்லும் இரகசியம் சந்தைச் சத்தத்தில் மறைந்துவிடும். கோவிலுக்குள் மெல்லச் சொன்னாலும் மூலஸ்தானம் வரை கேட்கும். அதுபோலத்தான் இதுவும்.

இதனால்தான் 2012இல் வந்த சர்வதேச அளவீட்டு முறை ஒன்று, திறந்த அலுவலகத்தின் தரத்தை வெறும் டெசிபலில் அளப்பதோடு நின்றுவிடவில்லை. ஒருவரின் பேச்சு எத்தனை மீற்றர் தூரம் வரை மற்றவரின் கவனத்தைக் குலைக்கும் அளவுக்கு விளங்குகிறது என்று கேட்கிறது. 5 மீற்றருக்குள் அது அடங்கினால் நல்ல அலுவலகம். 10 மீற்றருக்கு அப்பாலும் போனால் மோசமான அலுவலகம். அந்த 5 மீற்றரை எட்டக் கம்பளம் மட்டும் போதாது. உறிஞ்சும் உட்கூரை வேண்டும், இருப்பவரின் தலைக்கு மேல் உயரமான மறைப்பு வேண்டும், மேசைகளுக்கு இடையே தூரம் வேண்டும்.

இவை அனைத்தும் இருந்தாலும் சில பேச்சுக்களுக்குத் திறந்த மண்டபம் பொருந்தாது. வன்முறை பற்றியோ, பாலியல் துன்பம் பற்றியோ, உடல்நோய் பற்றியோ, காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றியோ ஒரு பெண் சொல்ல வரும்போது அவருக்கு வேண்டியது கதவுள்ள ஓர் அறை. கம்பளம் விரித்ததைக் காட்டி அந்த அறையை மறுக்க எவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

எந்தக் கம்பளம்?

இன்று உலகத்து அலுவலகங்களில் விரிக்கப்படுவன பெரும்பாலும் நைலோன் கம்பளங்கள். நைலோன் பெற்றோலியத்திலிருந்து வருவது. அதன் முதுகில் பூசப்படும் பொருளும் பெரும்பாலும் அப்படியே. பழுதடைந்தால் குப்பை மேட்டுக்குப் போய் உக்காமல் கிடக்கும். இந்தத் தொழிலுக்குள் இருந்தே மாற்றம் கேட்டவர் ரே அண்டர்சன். இவர் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1973இல் இன்டர்பேஸ் என்ற கம்பளக் கம்பனியை ஆரம்பித்தவர். 1994இல், உங்கள் கம்பனி சூழலுக்கு என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியபோது, தன்னிடம் பதில் இல்லை என்பதை உணர்ந்து, பூமியிலிருந்து எடுப்பதைக் குறைத்துக்கொண்டே போவது என்ற இலக்கை வகுத்தார். 2011இல் அவர் காலமாகும் வரை அதைப் பற்றியே பேசினார்.

அக்கம்பனி செய்வது கம்பளச் சதுரங்கள். ஒவ்வொன்றும் 50 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். தேநீர் ஊற்றுண்டு கறைபட்டால் அந்த ஒரு சதுரத்தை மட்டும் மாற்றலாம். முழு மண்டபத்தையும் உரிக்கத் தேவையில்லை. சூழலுக்கு நல்லது என்பது பல சமயங்களில் இவ்வளவு எளிமையான விடயம்தான்.

எம் கரையோரப் பெண்களுக்குச் சுவை தரக்கூடிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. 2012இல் இந்தக் கம்பனியும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து பிலிப்பைன்சின் டனஹொன் கடற்திட்டுப் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. கடலிலும் கரையிலும் எறியப்பட்டுக் கிடந்த பழைய நைலோன் மீன்பிடி வலைகளை அவ்வூர் மக்கள் சேர்த்து, கழுவி, கட்டுகளாகக் கட்டி விற்றார்கள். வலைகள் ஸ்லோவேனியாவிலுள்ள ஓர் ஆலையில் உருக்குலைக்கப்பட்டு மறுபடி நூலாகி, அந்த நூல் அலுவலகக் கம்பளமாகியது. வலை விற்ற பணம் சேமிப்பதற்குக் கிராமச் சேமிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. வங்கிக் கணக்கில்லாத குடும்பங்கள் அக்குழுக்களில் சேமிக்கவும் சிறுகடன் பெறவும் முடிந்தது.

எமது கரைகளிலும் பழைய வலைக் குவியல்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் எல்லா வலையும் இதற்கு உதவாது. நைலோன் 6 என்ற வகையைத்தான் இவ்விதம் மறுபடி மூலப்பொருளாக்கலாம். பொலித்தீன் இழையில் முடைந்த வலை வேறு சாதி. சேர்ப்பதும் கழுவுவதும் கட்டுவதும் கடும் வேலை. வாங்குபவர் ஒருவர் உறுதியாக இல்லாமல் அதில் இறங்குவது நட்டத்தில் முடியும். பிலிப்பைன்சில் அது நடந்ததற்குக் காரணம், வலையை வாங்க ஓர் ஆலையும் நூலை வாங்க ஒரு கம்பனியும் முன்கூட்டியே இருந்தமைதான்.

எமது தும்பு

தூர தேசத்துக் கம்பளம் எமது சிறு அலுவலகங்களுக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. தென்னந்தும்பு எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. முற்றிய தேங்காயின் பொச்சிலிருந்து வரும் தடித்த தும்பு தூரிகைக்கும் கால்மிதிக்கும் உதவும். பச்சை மட்டையை உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, மரக்கட்டையால் அடித்து எடுக்கும் மெல்லிய தும்பு கயிறாகவும் பாயாகவும் ஆகும். தென்கரையில் தலைமுறை தலைமுறையாக இவ்வேலையில் பெண்களின் கைகளே முன்னுக்கு நின்றிருக்கின்றன. இந்தியாவின் கேரள மாநிலத்து ஆலப்புழையில் 1859இல் முதலாவது தும்புத் தொழிற்சாலை தொடங்கியது முதல், தும்புப் பாய் உலகச் சந்தைக்குப் போய்வருகிறது.

தும்பில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதியாக உண்டு. அதனால் மற்ற இயற்கை நார்களைவிட ஈரத்தைத் தாங்கும், இலகுவில் உக்காது. முதுகில் இறப்பர்ப் பால் பூசினால் வழுக்காது. இறப்பரும் எமது நாட்டுப் பொருளே. மலேசியாவில் செய்த ஆய்வுகள், தும்புப் படை இடைத்தர ஒலியையும் உயர்ந்த ஒலியையும் நன்றாக உறிஞ்சுகிறது என்றும், தடிப்பு கூடக்கூட அதன் பலன் தாழ்ந்த ஒலியை நோக்கியும் நகர்கிறது என்றும் காட்டின. ஆகவே தும்பு நிலத்துக்கு மட்டுமல்ல, சட்டம் அடித்துத் துணி போர்த்திச் சுவரில் மாட்டவும் உகந்தது.

குறைகளும் உண்டு. தும்புப் பாய் கரடுமுரடானது, வெறுங்காலுக்குக் குத்தும். புதிதில் பொடி உதிரும். மாரி வெள்ளம் புகும் இடத்தில் எந்தக் கம்பளமும் கூடாது. ஈரம் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்து, இழுப்பு நோயுள்ளவர்களுக்குத் துன்பம் தரும். ஆகவே சுவரோடு சுவர் ஒட்டி விரிப்பதைவிட, தூக்கி வெயிலில் காயப்போடக்கூடிய துண்டுகளாக விரிப்பதே எம் காலநிலைக்குப் பொருத்தம். தையற் கழிவுத் துணிகளில் பெண்கள் பின்னும் விரிப்புகளையும் இவ்வாறே மேசைகளுக்கு அடியில் பயன்படுத்தலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இவற்றைச் செய்து அலுவலகங்களுக்கு விற்பதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் முதலில் ஓர் அலுவலகத்திடமிருந்தாவது கட்டளை பெற்ற பின்னரே தும்பு வாங்க வேண்டும்.

அதன் மேல் நடப்பவர் யார்?

விற்பவரின் விளம்பரத்தில் வராத கேள்வி இது. எமது அலுவலகங்களுக்கு வருபவர்களில் மிதிவெடியில் கால் இழந்து செயற்கைக் கால் அணிந்தவர்கள் இருக்கிறார்கள். ஊன்றுகோலுடன் வருபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருக்கிறார்கள். தடித்துப் புதையும் கம்பளம் இவர்களுக்குச் சேற்று நிலம் போன்றது. சுருண்ட ஓரம் காலை இடறும். எனவே இழை குட்டையானதும் அழுத்தமானதுமான விரிப்பே வேண்டும். அடிவிரிப்பும் கெட்டியானதாக இருக்க வேண்டும். ஓரங்களை நிலத்தோடு ஒட்டிவிட வேண்டும். வாசலிலிருந்து மேசை வரை செல்லும் பாதையில் சிறு துண்டு விரிப்புகளைப் போடவே கூடாது.

குண்டு வெடிப்பில் செவிப்புலன் குறைந்தவர்களையும் நினைக்க வேண்டும். எதிரொலி மிகுந்த மண்டபத்தில் அவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. செவிப்புலன் கருவி அணிந்தவருக்கும் அதே நிலைதான். கம்பளத்தால் மிகப் பெரிய நன்மை பெறுபவர்களுள் இவர்களும் அடங்குவர்.

அடுத்தவர் கூட்டித் துடைக்கும் பெண். ரைல்ஸ் நிலத்தை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கம்பளத்துக்குத் தூசு உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். அதை வாங்காமல் கம்பளத்தை மட்டும் விரித்தால், அந்தப் பெண் குனிந்து தும்புத்தடியால் தேய்த்துத் தூசைச் சுவாசிக்க வேண்டிவரும். ஆகவே இயந்திரத்தின் செலவையும் அவருடைய மேலதிக நேரத்துக்கான கூலியையும் கம்பளத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒருவரின் முதுகை வருத்தி மற்றவரின் காதுக்கு அமைதி தேடுவது நியாயமாகாது.

இன்றே செய்யக் கூடியவை

பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் ஒரு சோதனை. ஆட்கள் இல்லாத நேரம் மண்டபத்தின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் உடனே அடங்காமல் இழுபட்டால் அந்த மண்டபத்துக்கு உறிஞ்சும் பொருள் தேவை. இரண்டாவது சோதனை இன்னும் முக்கியமானது. வேலை நடக்கும் நேரத்தில் ஒருவர் மேசையில் அமர்ந்து ஒரு பத்திரிகைச் செய்தியைச் சாதாரண குரலில் வாசிக்கட்டும். மற்றவர் காத்திருப்போர் வரிசையில் அமர்ந்து, விளங்கிய சொற்களை எழுதட்டும். பாதிக்கு மேல் எழுத முடிந்தால் அந்த மேசையில் ஒரு பெண் தன் கதையைச் சொல்வது பாதுகாப்பில்லை.

பின்வருவன செலவு குறைந்த வழிகள்:

• எல்லாக் கதிரைக் கால்களுக்கும் இறப்பர் மூடி போடுங்கள். இரும்பு அலுமாரிக் கதவின் ஓரத்தில் துணிப்பட்டி ஒட்டுங்கள். திடுக்கிட வைக்கும் சத்தங்களில் பெரும்பகுதி இதனாலேயே குறையும்.

• காத்திருப்போர் கதிரைகளை மேசைகளிலிருந்து எட்டத்தில், முடிந்தால் விறாந்தையில் போடுங்கள். பெயரையும் காரணத்தையும் உரத்துக் கூப்பிடாமல் இலக்கத் துண்டு கொடுங்கள்.

• கோப்பு அலுமாரிகளைச் சுவரோரம் வைக்காமல் மேசைக்கும் வரிசைக்கும் இடையில் மறைப்பாக நிறுத்துங்கள். அவற்றின் முதுகில் தும்புப் பாயோ தடித்த துணியோ மாட்டுங்கள்.

• கண்ணாடி யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். விரிப்பு வாங்கப் பணம் சிறிதளவே இருந்தால், ஆட்கள் அதிகம் நடக்கும் பாதைக்கும் கதிரைகள் இழுபடும் இடத்துக்கும் முதலில் வாங்குங்கள்.

• களஞ்சிய அறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஓர் அறையை ஒழித்து, ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டு, கதவைச் சாத்தக்கூடியதாக வையுங்கள்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முதன்மையானது.

பெண்களாகிய நாம் கட்டடத் திட்டங்களைப் பற்றிக் கேட்கப் பழகவில்லை. அது பொறியியலாளரின் வேலை, ஆண்களின் வேலை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் போய் வாய் திறக்க வேண்டியவர்கள் நாங்கள். உங்கள் ஊரில் ஓர் அலுவலகம் கட்டப்படுகிறது அல்லது திருத்தப்படுகிறது என்றால், மாதர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக் கடிதம் எழுதுங்கள். நிலத்துக்கு என்ன விரிக்கப் போகிறீர்கள், அதைத் துப்புரவு செய்பவருக்கு என்ன வசதி, தனியாகக் கதைக்க எந்த அறை என்ற மூன்று கேள்விகளும் அதில் இருக்கட்டும். முதல் இரண்டுக்கும் பதில் வரச் சற்றுத் தாமதிக்கலாம். மூன்றாவதற்குப் பதில் வரும்வரை விடாதீர்கள்.